ஏழரை விசில்

தாடிக்கொம்புக்கு வடக்கே, சோலைமலை வீட்டில் துவரம்பருப்பு வேகுவதற்கு எத்தனை விசில் ஆகிறதோ, அன்று பொழுது சாய்வதற்குள் உலகத்தில் எங்காவது ஒரு மூலையில் அத்தனை ரிக்டர் அளவுக்கு நிலம் நடுங்கும். மூன்று விசில் என்றால் கணக்கில்லை, அது தினப்படி. நான்கு என்றால் எங்கோ பாத்திரங்கள் கிலுகிலுக்கும். ஐந்துக்குச் சுவர் கீறல் விடும். ஐந்தாவது விசில் முழுசாக வந்து ஆறாவது பாதியில் அறுந்தால் ஐந்தரை. பருப்பு வெந்ததும் அந்தக் குக்கர் தானாக அடங்கிவிடும். கீழே அடுப்பு எரிந்துகொண்டே இருந்தாலும் அடுத்த விசில் வராது. அது அந்தக் குக்கரின் குணம். மற்றபடி அது திண்டுக்கல் கடைவீதியில் வாங்கிய ஐந்து லிட்டர் சாதாரணக் குக்கர்தான். மேல் வெயிட் தொலைந்துபோய் வேறு கம்பெனி வெயிட்டைப் போட்டதால், விசில் முடியும்போது மட்டும் தாயைத் தேடும் ஆட்டுக்குட்டி போல ஒரு இழுப்பு இழுக்கும்.

இதைக் கண்டுபிடித்த பெருமை ஒரு சண்டைக்குத்தான் சேரும். ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள், சோலைமலையின் மனைவி பொன்னழகு வைத்த பருப்பு மூன்று விசிலில் வேகவில்லை, ஐந்து ஆனது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஐந்து. பருப்பு வேகாவிட்டால் நம் ஊரில் யாரும் தண்ணீரைக் குறை சொல்வதில்லை, கடைக்காரரைத்தான் சொல்வோம். பொன்னழகு மிச்சப் பருப்பைப் பையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, பேகம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சனாவுல்லாவின் கல்லா மேல் வைத்தாள். அவரிடம்தான் அவர்கள் வீட்டுக்கு இருபது வருடமாகச் சாமான் வாங்குவது. "பாய், இது பருப்பா, கூழாங்கல்லா?" என்று நாலு பேர் நிற்கும்போது கேட்டாள். சனாவுல்லா தன்னைச் சொன்னால் தாங்குவார், சரக்கைச் சொன்னால் தாங்க மாட்டார். "தங்கச்சி, கடைய ஒம்பது மணிக்குத் தெறந்தேன், பத்து மணிக்கு எம் மானத்த வாங்கிட்ட. செத்த நேரம் பொறு, நானே வாரேன்" என்று சொல்லிக் கடையை வீட்டுக்காரி உம்மு சல்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு கிலோ பருப்பையும் டவுன் குழாயில் வரும் ஆத்தூர் அணைத் தண்ணீர் ஒரு குடத்தையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். பொன்னழகு பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் அவர் வாசலில் நின்றார்.

பொன்னழகின் குக்கரிலேயே, அவள் கண்முன்னே, தன் பருப்பை ஆத்தூர்த் தண்ணீரில் வேக வைத்தார். மூன்று விசில், வெண்ணெய் மாதிரி குழைந்தது. அடுத்து அதே பருப்பை அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் வைத்தார். ஐந்து. குற்றம் தண்ணீர் மேல் என்று ஆனதும் மனுஷருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு பருப்பையும் ஒரே சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே போனைப் பார்த்தார். மேற்கே ஏதோ ஒரு தேசத்தில் ஐந்து ரிக்டரில் பூமி ஆடியதாகச் செய்தி. அன்றைக்கு அவர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. ஆனால் வியாபாரிக்கு எண் மறக்காது. நாலாவது முறையும் விசிலும் ரிக்டரும் ஒன்றாக வந்தபோது, பருப்புக்குப் பூமியோடு ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

எந்தத் திசை என்பதைச் சோலைமலை கண்டுபிடித்தார். அவர்கள் கிணறு அறுபது அடி, பாறையை வெட்டி இறக்கியது. நாலு பக்கமும் நாலு ஊற்றுக்கண். விசில் கூடுகிற நாளில் ஏதாவது ஒரு கண்ணில் மட்டும் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுப்பாகக் கசியும். வடகண் வெளுத்தால் வடக்கே, மேல்கண் வெளுத்தால் மேற்கே, கீழ்க்கண் வெளுத்தால் கிழக்கே. வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கிணற்றை எட்டிப் பார்த்து, அங்கிருந்தே ஒரு குரல் கொடுப்பார். வீட்டில் விசில், தோட்டத்தில் திசை. இரண்டையும் சேர்த்தால் விலாசம் முக்கால்வாசி வந்துவிடும்.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து செழியன் என்று ஒரு ரசாயன நிபுணர் வந்தார். மூன்று விசில் நாளில் ஒரு பாட்டில், ஆறு விசில் நாளில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். ஆறு விசில் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் குளோரைடும் நாலு மடங்கு ஏறியிருந்தன. ரேடான் என்கிற வாயுவும் கொஞ்சம் கலந்திருந்தது. பூமிக்கு அடியில் பாறை இறுகும்போது சன்னமாக விரிசல் விடும், காலாகாலமாக அடைபட்டுக் கிடந்த பழைய தண்ணீர் அதன் வழியாக மேலே வந்து கலக்கும், இப்படி மாறுவதை வெளிநாட்டில் பல கிணறுகளில் பார்த்திருக்கிறார்கள் என்று விளக்கினார். ஆனால் அதெல்லாம் நடுங்கும் இடத்துக்குப் பக்கத்துக் கிணறுகள். கடல் தாண்டி ஆடுவதற்குத் தாடிக்கொம்புக் கிணறு ஏன் கலங்க வேண்டும் என்று மட்டும் அவருக்கும் விளங்கவில்லை. அறிக்கையில் 'மழைக்குறைவு காரணமாக இருக்கலாம்' என்று எழுதினார். பாவம், அவரும் எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும். போகும்போது பொன்னழகு கொடுத்த சாம்பாரைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் ஊருக்குப் பழகிப்போய், குக்கர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் சோலைமலை பொன்னழகு தம்பதியின் ஒரே மகள் தமிழ்மதிக்கு ஜப்பானில் வேலை கிடைத்தது. நர்சிங் முடித்தவள். கடலோரச் சிறுநகர் ஒன்றில் நாற்பத்து மூன்று முதியவர்கள் தங்கியிருக்கும் இல்லம். அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கும் வேலை. பொன்னழகு அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "ஒலகத்துல எம்புட்டு நாடு கெடக்கு. ஆடுற நாட்டுக்கா போகணும்?" என்று கேட்டாள். மகள் சிரித்தாள். பொன்னழகுக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை கீழ்க்கண் என்பது கிணற்றில் ஒரு ஓட்டை. அன்றிலிருந்து அது அவள் மகள் இருக்கும் திசை.

முதல் மாதம் கீழ்க்கண் வெளுத்த போதெல்லாம் போன் செய்தாள், பதினோரு தடவை. நான்கு விசிலுக்கு ஒரு போன், நாலரைக்கு ஒரு போன். பன்னிரண்டாவது தடவை மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, இங்க வாரத்துக்கு ரெண்டு தடவ ஆடத்தான் செய்யும். நாங்க டீய கையில புடிச்சுக்கிட்டு நிப்போம், நின்னதும் குடிப்போம். இனிமே ஆறு விசிலுக்குக் கீழ போன் பண்ணாத, ஆமா." அப்படி ஒரு ஒப்பந்தம் ஆனது. வேலை நேரத்தில் தமிழ்மதியின் போன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும் என்பதால், இல்லத்தின் நம்பரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள். வீடு பற்றி எரிந்தால் மட்டும் அதில் கூப்பிடலாம். பொன்னழகு அதை அரிசி டிரம் மூடியின் உட்பக்கம் எழுதி வைத்தாள். ஒப்பந்தத்தை அவள் மீறவில்லை. ஆனால் ஐந்து, ஐந்தரை வருகிற நாளில் அவள் பட்ட பாடு, பக்கத்தில் இருந்த சோலைமலைக்குத்தான் தெரியும். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழும், அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

அங்கே தமிழ்மதி, மொழி பழகுவதற்காக, இந்தக் குக்கர் கதையைத் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் முதியவர்களுக்குச் சொன்னாள், ஆறு விசில் ஒப்பந்தம் உட்பட. சிரிப்பார்கள் என்று நினைத்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆடும் பூமியிலேயே வயதானவர்கள். கிணறு கலங்குவதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். இனாபா என்று ஒருவர், தொண்ணூற்றொரு வயது, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நாலு வருடமாகச் சக்கர நாற்காலியை விட்டு எழாதவர். அவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: விசிலின் முடிவு எப்படி இருக்கும்? தமிழ்மதி ஆட்டுக்குட்டி இழுப்பை வாயால் செய்து காட்டினாள். அவர் தலையை ஆட்டி மனதில் வாங்கிக்கொண்டார்.

சென்ற கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குப் பொன்னழகு பருப்பை ஏற்றினாள். தேங்காய் எடுக்க வந்த சனாவுல்லா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நாலாவது விசிலுக்கு அவர் பேச்சை நிறுத்தினார். ஐந்தாவதுக்கு எழுந்து நின்றார். தோட்டத்திலிருந்து சோலைமலையின் குரல் வந்தது: "ஏத்தா, கீழ்க்கண்ணு பாலா ஊத்துது." பொன்னழகு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். மகளின் போன் அணைந்திருந்தது. அரிசி டிரம் மூடியைத் திருப்பிப் பிடித்து அவள் எண்களை வாசிக்க, சனாவுல்லா தன் போனில் அழுத்தினார். ஒரு பெண் எடுத்து, மிகுந்த பணிவோடு ஏதோ சொன்னாள். "தமிழ்மதி, தமிழ்மதி" என்றாள் பொன்னழகு. அந்தப் பெண் அதைவிடப் பணிவாக இன்னும் நீளமாக ஏதோ சொன்னாள். தமிழ்மதி ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள், பிறகு கூப்பிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். "பாய், இவ வச்சிருவா போலருக்கே" என்று பொன்னழகு தவித்தாள். "நீ பேசாத தங்கச்சி. அதப் பேசச் சொல்லு" என்று சனாவுல்லா போனைப் பிடுங்கிக் குக்கருக்கு நேரே நீட்டினார்.

ஆறாவது விசில் வந்தது. அங்கே அந்தப் பெண் ஏதோ அபாயச் சங்கு என்று பயந்து, மற்றவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு பேர் காதிலும் ஆட்டுக்குட்டி இழுப்பு விழுந்தது. இனாபா எழுந்தார். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். விசில் கேட்டபின் வண்டி நிற்கக் கூடாது என்பது அவர் முப்பத்தெட்டு வருட உத்தியோகம். மேசைத் துணி ஒன்றை உருவிக் கொடி போலப் பிடித்து வாசலைக் காட்டி நடந்தார். வருடக்கணக்காக எழாத இன்னும் ஒன்பது பேர் அவர் பின்னால் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களைப் பணியாட்கள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஏழாவது விசிலுக்கு, தமிழ்மதி சோப்பு நுரையோடு ஒரு மூதாட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எட்டாவது பாதியில் அறுந்து குக்கர் அடங்கியபோது கூடத்தில் யாரும் இல்லை.

ஏழரை என்று சனாவுல்லா எண்ணி முடித்தார். நம் ஊரில் அந்த எண்ணைச் சனிக்குத் தவிர வேறு யாருக்கும் யாரும் கொடுப்பதில்லை. பொன்னழகு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சனாவுல்லா வாய்க்குள் துஆ ஓதினார். சோலைமலை தாடிக்கொம்புப் பெருமாளுக்கு ஒரு வேட்டியும் துளசி மாலையும் நேர்ந்துகொண்டார். பதினெட்டு நிமிடம் கழித்து அங்கே பூமி ஆடியது. இல்லத்தின் கூடத்துக் கூரை, அப்போதுதான் காலியான நாற்காலிகள் மேல் மொத்தமாக இறங்கியது. மைதானத்தில் நாற்பத்து மூன்று பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

இங்கே போன் அடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் பொன்னழகு அடுப்பை விட்டு நகரவில்லை. பொன்னழகு போனைக் காதில் வைத்தாள். மகள்தான் முதலில் பேசினாள்.

"அம்மா, பருப்பு வெந்துருச்சா?"

பொன்னழகு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே குக்கரைத் திறந்து பார்த்து, "குழைஞ்சே போச்சு தாயி" என்றாள்.

இப்போது புதிதாகக் கட்டிய அந்த இல்லத்தின் சுவரில், தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ் எண்களுக்குக் கீழே மூன்றாவதாகப் பொன்னழகின் எண் இருக்கிறது. இனாபா தினமும் மாலை மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். போன மாசிக்கு, இல்லத்தார் எல்லோருமாகச் சேர்ந்து பொன்னழகுக்கு ஒரு புதுக் குக்கர் அனுப்பினார்கள், விசிலே வராத ரகம். அவர்கள் மனது நோகக் கூடாதென்று அவள் அதில் உளுந்து போட்டு வைத்திருக்கிறாள். சனாவுல்லா தன் கடையில், 'பருப்பு வேகவில்லை என்றால் முதலில் செய்தி பார்க்கவும்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். நேற்று நாலரை விசில், தென்கண். எங்கே என்று செய்தி வர மத்தியானம் மூன்று ஆனது. அதற்குள் அவர்கள் வீட்டில் சாம்பார் தாளித்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியாயிற்று.