லீவரை இழுத்தவர்

"லீவரை இழுக்காம முன்னாடி போய் நின்னா, வண்டி முத்தம் கொடுக்கத்தான் செய்யும்," என்றார் முதலாளி, அப்பாவின் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே.

முதலாளியின் பழைய காருக்கு நாங்கள் வைத்த பெயர் பெரியம்மா. முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினால்தான் கிளம்பும். அதற்கு முன் இருக்கைப் பக்கத்து லீவரை முழுக்க இழுத்துவிட வேண்டும்; கியரும் விடுபடும், பிரேக்கும் விழும். போன வாரம் டிரைவரான அப்பா அப்படிச் சுற்றியபோது, இஞ்சின் பிடித்த வேகத்தில் கார் நகர்ந்து அவர் காலைச் சுவரோடு நசுக்கிவிட்டது. டிரைவருக்குக் கவனம் போதாது என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லி, வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "இழுத்தேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்மா" என்று அப்பா சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான், படித்தது மெக்கானிக்கல். அப்பாவையும் அழைத்துக்கொண்டு நேரே முதலாளியின் கார் ஷெட்டுக்கு வந்துவிட்டேன்.

"உன் டிகிரியெல்லாம் பெரியம்மாவுக்குப் புரியாதே," என்று சிரித்தார் முதலாளி.

"எனக்குப் பெரியம்மாவைப் புரியும் சார். வண்டியைத் தள்ளுங்க."

லீவரை நடுவில் வைத்திருந்தேன். அங்கே பிரேக் கிடையாது, வெறும் நியூட்ரல். ஒரு தள்ளில் உருள வேண்டும். அவர் முக்கினார், முனகினார். அது அசையவில்லை.

"நியூட்ரல்ல நிக்க வேண்டியது கியர்லயே நிக்குது," என்றேன்.

கால்பலகையைக் கழற்றினேன். லீவரை இழுக்கும்போது கிளட்சைப் பிரித்துவிடும் திருகு, பாதிக்கு மேல் வெளியே வந்து நின்றது.

"இதைத் தொட்டது யாரு?"

"நான்தான். மேட்டுல ஏறும்போது கிளட்ச் வழுக்குச்சு. இதைத் தளர்த்தினேன், குதிரை மாதிரி ஏறுச்சு." அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்போ?"

"போன வா..." வாய் அப்படியே நின்றது.

"வழுக்கினா உள்ளே கிளட்சைத்தான் இறுக்கணும் சார். இதைத் தளர்த்தினா லீவரை எவ்வளவு இழுத்தாலும் கிளட்ச் பிரியாது. பிரேக்கும் தேஞ்சு கிடக்கு. நம்பி முன்னாடி நின்ன மனுஷன் என்ன ஆவாரு?"

திருகை அரைச் சுற்று உள்ளே விட்டேன், தள்ளிப் பார்த்தேன். மறுபடி திருகினேன், மறுபடி தள்ளினேன். கடைசியில் ஒரு கையால் தள்ளியதுமே பெரியம்மா உருண்டு போனாள். திருகு மறுபடி நகராதபடி நட்டை இறுக்கிப் பூட்டினேன்.

முதலாளியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து லீவரை முழுக்க இழுக்கச் சொன்னேன். சுவருக்கு முதுகைக் காட்டி, அப்பா நின்ற அதே இடத்தில் நின்றேன்.

"சக்கரத்துக்குக் கட்டை வைம்மா," என்றார் அப்பா.

"கட்டை வச்சா, நிறுத்தினது கட்டைன்னு சொல்லுவாங்கப்பா."

சுற்றினேன். இஞ்சின் பிடித்தது. என் முழங்காலுக்கு முன்னால் விளக்குகள் நடுங்கின. கார் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

அப்பா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். "சார், அன்னைக்கு நான் லீவரை இழுத்திருந்தேன்."

முதலாளி ஸ்டியரிங்கைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க சார்," என்றேன். "இஞ்சின் சத்தத்துல அப்பாவுக்குக் கேக்கல."