கட்டு மாற்றும் நேரம்

காலை ஏழரை. மூக்கண்டப்பள்ளியில் முதல் ஷிப்ட்டுக்கான கம்பெனி பஸ்கள் போய்விட்டிருந்தன. மோகனப்ரியா ஸ்கூட்டியை நிறுத்தி மருந்துப் பையை எடுத்தாள். இனிக் குணமாகாத புற்றுநோயாளிகளின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, வலிக்கு மாத்திரை தரும் சிறிய அமைப்பு ஒன்றில் அவள் நர்ஸ். அமைப்புக்கு இதுவரை பணம் தந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு தொழிற்சாலையின் அறக்கட்டளை மட்டும் நோயாளி ஒருவரைப் பற்றி வீடியோ அனுப்பச் சொன்னது. அதுவும் கைவிட்டால் அடுத்த மாதம் இந்தத் தெருவுக்கு அவள் வரமாட்டாள்.

முதல் வீடியோவையும் இந்தத் தெருவில், கழுத்தில் புற்றுநோய்ப் புண்ணோடு இருக்கும் ரஹமத் பீவியின் வீட்டில்தான் எடுத்திருந்தாள். அன்று கேமரா என்றதும் வீடு விசேஷத்துக்குப் போலத் தயாரானது. மகள் இரம் திரைச்சீலை மாற்றினாள். ரஹமத் பீவி பச்சைப் பட்டு கட்டினாள். கழுத்துப் புண்ணை முக்காடு மூடிக்கொண்டது. கணவர் முனீர் அகமது அத்தர் தெளித்தார், பிரியாணி வாங்கி வந்தார். "அல்லா புண்ணியத்துல நல்லாருக்கேன்" என்றாள் கேமராவிடம். வீட்டுக்கு வந்தவரிடம் வேறென்ன சொல்வது.

அறக்கட்டளை ஒரே வரியில் பதில் எழுதியிருந்தது. இந்த அம்மாவுக்கு என்ன உதவி தேவை?

இன்று மோகனப்ரியா அதைப் படித்துக் காட்டினாள். ரஹமத் பீவி கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பட்டுச்சேலை கெடுத்துருச்சு. பிரியாணி வாசம் அங்க வரைக்கும் போயிருக்கும்போல."

முனீர் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா பேசறா சிஸ்டர். வலிக்குதுன்னு சொல்லுவா."

"பேச்சு வேணாம். கட்டு மாத்தறத எடு பாப்பா" என்றாள் ரஹமத் பீவி.

"மூஞ்சி தெரியாம எடுத்துக்கலாங்க்கா."

"மூஞ்சி இல்லன்னா அது யாரு புண்ணோ."

முனீர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "பொண்ணு பாத்துட்டுப் போன பர்கூர்க்காரங்க இன்னும் முடிவு சொல்லல. தைராய்டுன்னு சொல்லி வெச்சிருக்கோம். இது போன் போனா சுத்துச்சுன்னா இரமுக்கு எவன் வருவான்?"

"அவகிட்ட கேட்டுட்டேன். மறைச்சாத்தான் வருவான்னா அவன் வர வேணாம்னுட்டா."

அவர் செருப்பைத் தேடினார்.

"அடுத்த தெரு நாராயணம்மா வலியில கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சே. இப்பக் கேக்குதா?"

அவர் நின்றார். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் ஜன்னலைச் சாத்திவைத்திருந்தார். மோகனப்ரியா நாராயணம்மாவுக்கும் வலி மாத்திரை தரத் தொடங்கியபின் ஜன்னல் திறந்தே இருந்தது.

மோகனப்ரியா கையுறை மாட்டினாள். கட்டு மாற்ற இரண்டு கையும் வேண்டும். இரம் முதல் ஷிப்ட்டுக்குப் போயிருந்தாள். மேஜைமேல் இருந்த போனை மோகனப்ரியா பார்த்தாள். பிறகு முனீரைப் பார்த்தாள்.

"பாய், நீங்கதான் புடிக்கணும்."

கட்டு மாற்றும் நேரத்தில் அவர் கடைக்குப் பால் வாங்கப் போய்விடுவார். அந்தப் புண்ணை அவர் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு கால் செருப்போடு வந்து போனை எடுத்தார். மறுபடி நிலைப்படிக்கே போய் நின்றார். திரையில் சுவரும், காலண்டரும், மனைவியின் முழங்கையும் தெரிந்தன. மோகனப்ரியா மருந்து நீரால் பழைய துணியை நனைத்தாள். ஓரம் மெல்லப் பிரிந்தது. ரஹமத் பீவி தானே முக்காட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"ஏங்க, அங்கிருந்து என்ன தெரியும்? கிட்ட வாங்க."