பேட்டரி வீக்காம்

ஸ்டோர்கீப்பருக்கு எதையும் நேரடியாக மறுத்துப் பழக்கமில்லை. கம்பெனியிலும் அப்படித்தான். யாராவது போல்ட் கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லமாட்டார். சீட்டில் கையெழுத்து சரியில்லை என்பார், சாவி இன்னொருவரிடம் இருக்கிறது என்பார், நாளைக்கு வா என்பார். கேட்டவன் அலுத்துப்போய்த் தானே வேண்டாம் என்று திரும்பும்வரை விடமாட்டார். பத்தொன்பது வருடமாக அதே வித்தையை வீட்டிலும் காட்டிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் மனைவி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, தன் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "தாராளமா போகட்டும். நானா குறுக்க நிக்கிறேன்?" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். காரா? "நான் கம்பெனி வேன்ல போறவன். அது சும்மாதானே நிக்குது." மாற்றுச் சாவியை அக்காவின் கண் முன்னாலேயே எடுத்துக் கொடுத்தார். நாத்தனார் நெகிழ்ந்துபோனாள். "என் தம்பி மாதிரி ஒருத்தன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றாள்.

கொடுத்து வைத்தவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்றாவது முறை ஓட்டிக் காட்டித்தான் லைசன்ஸ் வாங்கியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் மருந்துக் கடையில் நின்றவள். அட்டையைத் திருப்பிய மாத்திரத்தில் எந்த மாதத்தோடு காலாவதி என்று சொல்லிவிடுவாள். ஊருக்கு வெளியே, பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒரு மருந்து குடோன். அங்கே சரக்கு சரிபார்க்க ஆள் வேண்டும் என்றதும் எழுதிப் போட்டாள், கூப்பிட்டுவிட்டார்கள். மகள் விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் அவளும் அவரும்தான். இந்த வேலையும் கைநழுவினால் மிச்ச ஆயுசும் இந்த மனுஷனின் சாப்பாட்டு டப்பாவை நிரப்புவதிலேயே போய்விடும் என்று அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் புடவையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. முனகல்கூட இல்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை. புருஷனுக்கு போன் போட்டாள்.

"பேட்டரி வீக்கா இருக்கும்" என்றார் அவர், கேள்வியை முடிக்கும் முன்பே. "நீ எதையும் தொடாத. ஷாக் அடிச்சிரும்."

சாயங்காலம் வந்து பானெட்டைத் தூக்கினார், குனிந்தார், மூடினார், சாவியைத் திருப்பினார். வண்டி சமத்தாக உறுமியது. "பாத்தியா? என் கைக்குத்தான் அது பேசும்" என்று கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். செவ்வாய்க்கிழமை காலையிலும் வண்டி பிணம் மாதிரி கிடந்தது. குடோன் மேனேஜரம்மா போனில் குரலை உயர்த்தவில்லை, ஆனால் தயவும் காட்டவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும் பாக்கறேன்மா. அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுடுவேன்."

அன்று மாலை நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். வண்டி அவர் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அங்கே போய் உட்கார்ந்ததும் அவர் உதட்டைப் பிதுக்கி, "போகச் சொல்லித்தான் இருக்கேன். இவளுக்கு வண்டி ஒத்து வரல, நான் என்ன பண்ண?" என்றார். நாத்தனாரும், "சிலருக்குக் கைராசி அப்படி" என்று பரிதாபப்பட்டாள். மனைவி காபி டம்ளரை ணங்கென்று கீழே வைத்தாள்.

திரும்பி வரும்போதுதான் கவனித்தாள். மணி எட்டரை. வண்டிக்குள் இருந்த கடிகாரம் இரண்டே கால் என்றது. போன வாரம்வரை அது நிமிஷம் பிசகாமல் காட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்குக் கரண்ட் நின்று மறுபடி வந்தால் அந்தக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து ஆரம்பிக்கும் என்று ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒருமுறை சொல்லியிருந்தார். எட்டரையிலிருந்து இரண்டே கால் மணி நேரத்தைக் கழித்தாள். ஆறேகால். ஆறேகாலுக்குத்தான் இவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். பேட்டரி வீக்காக இருந்தால் கடிகாரம் இவர் வருகிற நேரம் பார்த்தா உயிர் பிழைக்கும்? அவளுக்கு மூக்கு வியர்த்தது.

புதன்கிழமை அவரை வேன் அள்ளிக்கொண்டு போனதும் பானெட்டைத் தூக்கினாள். பேட்டரியின் ஒரு முனையில் சிவப்பு மூடி போட்ட வயர் இறுக்கமாக இருந்தது. இன்னொரு முனை வெறுமையாக நின்றது. அதில் இருக்கவேண்டிய கறுப்பு வயரைக் கழற்றி, ஓரமாக வளைத்து, அதன் தலையில் ஒரு நீலச் சாக்ஸை மாட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். குதிகாலில் தையல் போட்ட சாக்ஸ். அந்தத் தையலைப் போட்டவள் இவள்தான். இவள் துவைத்து, இவள் தைத்து, இவள் மடித்து வைத்த சாக்ஸைக்கொண்டே இவளை வீட்டோடு கட்டிப்போட்டிருக்கிறார். அந்த நிமிஷத்தில் அந்த மனுஷனை அவள் மனசார வெறுத்தாள்.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு ஊரில் 'அவசரப்படாதே' என்றுதான் பெயர். யார் எதைக் கேட்டாலும் அதுதான் அவன் முதல் வார்த்தை. போன் போட்டாள்.

"அவசரப்படாதீங்கக்கா. முதல்ல மோதிரம், வளையல், வாட்ச் எல்லாத்தையும் கழட்டி வைங்க. ஸ்பேனரோட சேந்து எங்கயாவது பட்டுச்சுன்னா விரல் வெந்துரும். வண்டிச் சாவி உள்ள இருக்கக் கூடாது, உங்க கையில இருக்கணும். கரண்ட் வந்ததும் சில வண்டி தானா கதவைப் பூட்டிக்கும். உள்ள லைட்டு, ஃபேன் எல்லாம் ஆஃப்ல இருக்கா? பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

"இருக்கு. மைனஸ் மட்டும்தான் கழண்டிருக்கு."

"அப்போ கழட்டினவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. மைனஸ் இருக்காருல்ல, அவர் விசேஷ வீட்டுக்கு வர்ற பெரிய மனுஷன் மாதிரி. எல்லாரும் வந்தப்புறம் கடைசியா வருவார், முதல் ஆளாக் கிளம்பிடுவார். கழட்டும்போது முதல்ல மைனஸ், மாட்டும்போது கடைசியா மைனஸ். மாத்திட்டீங்கன்னா, பிளஸ்ஸைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில பட்டாப் போதும், நெருப்பாக் கொட்டும். இப்போ நீங்க அந்தக் கறுப்பை மாட்டி இறுக்கினாப் போதும். லேசா ஒரு பொறி வரும். பயந்து கையை உதறாதீங்க."

பொறி வந்தது. அவள் உதறவில்லை. மரையை இறுக்கி, வயரை அசைத்துப் பார்த்தாள், ஆடவில்லை. சாவியைத் திருப்பினாள். அவள் கைக்கும் அது பேசியது. அதற்குள் அன்றைக்கு வேலைக்குப் போகும் நேரம் தாண்டியிருந்தது. தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்து, மைனஸைக் கழற்றி, சாக்ஸை மாட்டி, ரப்பர் பேண்டையும் அதே மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தாள். ஸ்டோர்கீப்பரின் பெண்டாட்டி, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதா?

வியாழக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே குடோனில் நின்றாள். காலாவதியாகி ஏழு மாதம் தாண்டிய இரண்டு பெட்டி இருமல் மருந்தை முதல் நாளே கண்டுபிடித்து ஒதுக்கினாள். மேனேஜரம்மா, "இதை மூணு பேர் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஐந்தரைக்கு வீடு திரும்பி மறுபடி சாக்ஸை மாட்டினாள். ஆறேகாலுக்கு வந்தவர் வழக்கம்போல பானெட்டைத் தூக்கினார். தூக்கியவர் வெகுநேரம் மூடவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, சுட்டதும் எடுத்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எஞ்சின் சூடா இருக்கே."

"வெயில்ல நிக்குதுல்ல."

"இன்னைக்குப் பூரா மேகமா இருந்துச்சு."

"அப்போ பேட்டரி வீக்கா இருக்கறதால சூடாகுதோ என்னமோ. எனக்கென்ன தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வண்டி எப்படிக் கிளம்பியது என்று கேட்டால், ஏன் கிளம்பக்கூடாது என்பதையும் சொல்லவேண்டி வரும். நான் கழற்றினதை நீ எப்படி மாட்டலாம் என்று எந்தப் புருஷன் வாய் திறந்து கேட்பான்? அதிலும் அக்கா முன்னால் சாவி கொடுத்த புருஷன்? மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் படுகிற பாட்டை அவள் எதிரில் உட்கார்ந்து ரசித்தாள். கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. "மோர் ஊத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார். வாசலில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வண்டி துடைக்கிறாராம். ஏழு மணிக்கு வேன் ஹாரன் அடித்தபோது, சாப்பாட்டுப் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, இன்னொரு துணிப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கால் அகட்டி நடந்து போனார். பை சரிந்து தொங்கியது. வேனில் இருந்த யாரோ கை கொடுத்து ஏற்றிவிட்டார்கள். அவள் ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினாள். சாக்ஸும் இல்லை, ரப்பர் பேண்டும் இல்லை. பேட்டரி இருந்த இடத்தில் காலித் தட்டு. இரண்டு வயரும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தன.

முதலில் அழுகைதான் வந்தது. வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

'அவசரப்படாதே' தன் பேருக்குப் பொருந்தாத அவசரத்தில், ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே ஒரு பேட்டரியை நிறுத்தி வைத்துக்கொண்டு வந்துசேர்ந்தான். வேறொரு வண்டியில் இருந்து கழற்றியது, நன்றாக ஓடும் என்றான். காலித் தட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இருந்தது எங்கக்கா?"

"வீட்டுக்காரர் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போயிருக்கார்."

"எதுக்கு?"

"மத்தியானம் சாப்பாட்டுக்குத் தொட்டுக்க."

அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஸ்பேனரை எடுத்தான். "குடுங்க, நானே மாட்டறேன்" என்று அவள் கையை நீட்டினாள். வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். பேட்டரியை நேராக இறக்கி, எந்தப் பக்கம் பிளஸ் என்று அவனிடம் காட்டி உறுதிசெய்துகொண்டாள். அது ஆடாமல் பிடிக்கும் பட்டையை இறுக்கினாள், சிவப்பை மாட்டினாள், மூடியைப் போட்டாள், கடைசியாகக் கறுப்பு. "பெரிய மனுஷன் வந்துட்டார்" என்றான் அவன். இருபது நிமிஷம் தாமதமாகக் குடோனுக்குள் நுழைந்தவளை மேனேஜரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்த்தாள். "வண்டியில ஒரு பொருள் களவு போச்சு. இனிமே போகாது" என்று இவள் சொன்னாள்.

சாயங்காலம் ஒரு லாரி சரக்கு வந்து இறங்கியதில் நேரமாகிவிட்டது. வீட்டுத் தெருவுக்குள் அவள் திரும்பியபோது கம்பெனி வேன் முன்னால் போய்க்கொண்டிருந்தது. முந்தவில்லை. பின்னாலேயே போய், வீட்டு வாசலில் அது நின்றதும், அதன் வாலைத் தொட்டாற்போல நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

ஸ்டோர்கீப்பர் இறங்கினார். பேன்ட்டின் தொடைப் பக்கம் பூராவும் சல்லடைக் கண்ணாகத் துளை விழுந்திருந்தது. வழி நெடுக மடியில் சரிந்து கிடந்த பேட்டரி, ஆசிட் கக்கித் துணியைத் தின்றிருந்தது. துணிப்பைக்கு அடியே இல்லை. வேனுக்குள்ளிருந்து இரண்டு பேர் பழைய செய்தித்தாளில் சுற்றி அதை நீட்ட, அவர் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார்.

வேன் ஜன்னலில் இருந்த ஒருவர் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார், அது உங்க வண்டிதானே? பேட்டரி இல்லாம வீட்டுல நிக்குதுன்னீங்க? சார்ஜ் ஏத்தத்தான் தூக்கிட்டு வந்தேன்னீங்க?"

எல்லா ஜன்னலிலும் ஒவ்வொரு தலையாக முளைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் காரையும், அதில் உட்கார்ந்திருக்கும் அவளையும், பேட்டரியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கும் அவரையும் அத்தனை கண்ணும் மாறி மாறிப் பார்த்தன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வேன் போய்விட்டது.

அவள் வண்டியை உள்ளே விட்டு, அணைத்து, இறங்கிப் பூட்டினாள். அவர் வாசல் கேட் பக்கத்திலேயே நின்றார்.

"யாரைக் கேட்டு மாட்டின?" என்றார். குரலில் பழைய அதட்டல் இருந்தது, ஆனால் மூச்சு வாங்கியது.

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

பத்தொன்பது வருடத்தில் இப்படி நேருக்கு நேர் ஒரு கேள்வியை அவள் கேட்டதில்லை. அவரும் ஒரு தடவைகூட 'போகக்கூடாது' என்று நேராகச் சொன்னதில்லை. இப்போது சொல்வார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பூட்டிய காரைப் பார்த்தார், கையிலிருந்த பாரத்தைப் பார்த்தார்.

"இதை எங்க வைக்கட்டும்?" என்றார்.

அந்தக் கார் விஷயத்தில் அவர் அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

"எங்க வேணா வைங்க. வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வராதீங்க, ஒழுகுது" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.