பெரிய மோட்டார்

வீரப்பன் வீட்டுத் தலைவாசல் நிலைக்கு மேல் வரவேண்டிய கஜலட்சுமிக்கு ஒரே ஒரு தேக்குப் பலகைதான். அவர் கொல்லையில் நின்ற மரத்தில் அறுத்தது. கெட்டால் இன்னொன்று கிடையாது. மறுநாள் விடியலில் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று. அமுதம் தன் பாகூர்க் கொட்டகையில் தானே கட்டிய, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் சிஎன்சி மிஷினுக்கு எதிரே அவர் காலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அமுதம் பலகையை உடனே தொடவில்லை. வெட்டும் முனைக்குப் பதில் பேனாவைச் செருகி, தாளில் ஒரு குறி போட்டு, அங்கிருந்து ஓரக்கோட்டை மட்டும் வரைய விட்டாள். சுற்றிவிட்டுத் திரும்பிய பேனா, குறிக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

முனையை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் அடி எண்ணி நகர்வது. நடுவில் ஓர் அடி தவறினால் அதற்கே தெரியாது. ஒழுங்காகப் போகிற நினைப்பில் யானையின் கண்ணைக் காதில் செதுக்கிவிட்டுப் போகும்.

குனிந்து பார்த்தாள். வாங்கிவரச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்த மோட்டார் அங்கே இல்லை. இரண்டு மடங்கு பெரியது உட்கார்ந்திருந்தது. கரும்புக் கொல்லை போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கும் கணக்கில் அவள் கணவன் சாமிநாதன் வாங்கி, நேற்று அவள் சேதராப்பட்டு கம்பெனி ஷிப்டுக்குப் போனபோது மாட்டியும் வைத்திருந்தான்.

“சின்னது எங்கங்க?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

“கடையிலயே மாத்திட்டேன். பெருசுன்னா நல்லா இழுக்குமேன்னு,” என்று முணுமுணுத்தான்.

“டிரைவர் பொட்டி சின்னதுங்க. அது குடுக்குற கரண்டுல இது வேகமா ஓடுனா அடி தவறும்.”

வீரப்பன் செருமினார். “இன்னாம்மா, நீ கட்டுன மிஷினு சரியில்லியா? பலகைய எடுத்துக்கினு போவட்டுமா?”

சாமிநாதன் மோட்டார் தன் வேலை என்று சொல்லாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அமுதத்துக்கு அவன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க மாமா,” என்றாள்.

வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து மறுபடி தாளில் ஓட்டினாள். பேனா குறியின்மேலேயே வந்து நின்றது. பேனாவை எடுத்துவிட்டு வெட்டும் முனையை மாட்டி, பலகையை இறுக்கினாள்.

ஏழு மணி நேரம். சத்தம் சற்று மாறினாலும் அவள் கை மிஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குப் போய் வந்தது. சாமிநாதன் சாப்பிடக்கூடப் போகாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து மணிக்கு முனை ஆரம்பக் குறியின்மேல் வந்து இறங்கியது. அப்போதுதான் அவள் பொத்தானை விட்டு நகர்ந்தாள்.

வீரப்பன் துதிக்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு மோட்டாரைத் தட்டினார். “இம்மாம் பெருசா போடப்போய்தான் இவ்ளோ சுத்தமா வந்துருக்கு. இன்னா சாமிநாதா, நீ எடுத்ததா?”

அமுதம் நிமிராமல் மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் எடுத்ததுதான் மாமா,” என்றான் சாமிநாதன். “அதனாலதான் காலையில உங்க பலகை போவ இருந்துச்சு. இவதான் காப்பாத்துனா.”