சகினாவின் ஐந்து நிமிஷம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகாசிரியர் கேட்டது சோகக் கதை. "பெண்களின் கோடை வகுப்பு. கண்ணீர் அவசியம். பன்னிரண்டு மணிக்கு அச்சாபீஸ் கபாலி வருவார்" என்று சீட்டு வந்தது. அப்போது மணி பதினொன்று.

2

மயிலாப்பூரில் வெயில் கொளுத்திக்...

(வேண்டாம். மே மாதத்தில் இது ஒரு சமாசாரமா?)

1934. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம். லீவிலும் படிக்க வந்த பெண்கள் பன்னிரண்டு பேர். ஏழு மணிக்குக் கணக்கு, எட்டரைக்குப் பூகோளம், பத்துக்கு நீர்மோர். அப்புறம் முற்றத்தில் இடச்சண்டை. அவரவர் செய்த வெயில் கடிகாரப் பலகையை வைக்க வேண்டுமே! சரியாக மணி காட்டும் பலகையை, செய்தவள் பெயர் பொறித்து முற்றத்திலேயே நடுவதாகக் கோமளம் டீச்சர் சொல்லியிருந்தாள். குழிகூடத் தோண்டியாயிற்று.

பதினாலு வயதுச் சகினாவுக்கு அந்தக் குழிமேல்தான் கண்.

3

சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பதினொரு பலகைகளிலும் நிழல் பன்னிரண்டில். சகினாவுடையதில் மட்டும் ஐந்து நிமிஷம் குறைச்சல்.

"உன்னோடது தப்புடி," என்றாள் டீச்சர்.

சகினாவை அழைத்துப் போக வந்திருந்த தகப்பனார், அத்தர் கடை அப்துல் கஃபார்,

(இங்கே அவரை, "படிச்சது போதும், வா வூட்டுக்கு!" என்று கத்தவிட்டேன். கண்ணீரும் கிடைத்தது. ஆனால் அது அவர் குரல் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

குனிந்து நிழலைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, நெழலு இன்னும் மேக்கதான் கீது. கெழக்க திரும்பினாத்தான் எங்களுக்கு லுஹர் தொழுகை. உச்சிக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கீது."

"கடியாரம் காலம்பறதான் ஸ்டேஷன் மணி பார்த்து வெச்சதாக்கும்!"

"சூரியன் இன்னா ரயில்லயா வருது?"

பெண்கள் சிரித்தார்கள். டீச்சருக்குக் காலையில் தானே நடத்திய பூகோளம் நினைவு வந்தது: தேசம் முழுக்க ஒரே ரயில் நேரம், உச்சிப்பொழுது மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

"ஏண்டி சுப்புலக்ஷ்மி, உன்னோடது எப்படிடி பன்னண்டு காட்டறது?"

"கடியாரத்தைப் பார்த்துண்டே பலகையைக் கொஞ்சம் திருப்பினேன், டீச்சர். எல்லாரும்தான்..."

"சகினா, நீ?"

"நேத்தே நெழலை வெச்சு வடக்கு புடிச்சேன், டீச்சர். திருப்பினா வடக்கு போயிடுமே."

குழியில் நட ஒரு பலகையை எடுக்க டீச்சர் கை நீட்டினாள்.

4

நானும் சீட்டைப் பார்த்துப் பலகையைத் திருப்பியவன்தான். மேலே அடித்த வரியே சாட்சி.

கபாலி வந்துவிட்டார். "சார், மணி பன்னண்டு. முடிவு கீதா, இல்லியா?"

"இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, கபாலி."

அந்த ஐந்து நிமிஷத்தை, வாசகரே, உங்களிடம் தருகிறேன். குழி தயார். பலகையை நீங்களே நடுங்கள். கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள்.