படிவளைவு

அப்பாவை மாடியிலிருந்து இறக்க நான்கு பேர் போதும். ஆனால் ஒரு பட்டாளமே படியேறி வந்துவிட்டது. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி நடத்திய மனுஷர் இறந்தால் வேறு எப்படி இருக்கும்? ஆளாளுக்கு ஒரு யோசனை. சவப்பெட்டியை நிமிர்த்திக் கொண்டுபோகலாம் என்றான் ஒருவன். கயிறு கட்டி ஜன்னல் வழியாக இறக்கலாம் என்றான் இன்னொருவன். அவர்கள் போட்ட சத்தத்தில் மகளுக்கு நிம்மதியாக அழக்கூட இடமில்லை.

கூத்து அதோடு நின்றதா? இத்தனை வருஷத்தில் ஒரு கண்ணாடிச் சாமானையும் உடைக்காததால் ‘கண்ணாடி’ என்றே பெயர் வாங்கியவன், கைப்பழக்கத்தில் பெட்டியின் மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டி, ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற சீட்டையும் ஒட்டிவிட்டான். ஒட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பதறிப்போய் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள்.

“இருக்கட்டும் விடுப்பா. போற இடத்துல தலைகீழா வச்சிடப் போறாங்க.”

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். பிறகு அறையே சிரித்தது.

மகள் அரைமனதாகத்தான் சிரித்தாள். கீழே இதே தொழில் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் மேலாளர் காத்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர், வந்த கையோடு விஷயத்தையும் அவள் காதில் போட்டுவிட்டார். லாரிகளையும் கம்பெனி பெயரையும் வாங்கிக்கொள்வார்களாம். ஆட்கள் வேண்டாமாம், ஆள் எங்கேயும் கிடைக்குமாம். இன்றைக்கே பதில் சொன்னால் நல்லதாம். நேரம் பார்த்தார் பாருங்கள்!

அவர் சொன்னதைத் தப்பென்று தள்ளவும் அவளால் முடியவில்லை. லாபம் வந்த வருஷமெல்லாம் இன்னொரு லாரி வாங்குங்கள் என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றவள்தானே அவள்? அவரோ சாமான் தூக்கியவனுக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுப்பார். லாரி ஓட்டியவனைப் பியானோ கழற்றிப் பூட்டப் பழகிவரச் சொல்லி அனுப்புவார். அதற்கப்புறம் பியானோக்கள் வந்தன, ஆஸ்பத்திரி இயந்திரங்கள் வந்தன, கம்பெனியும் வளர்ந்தது. இருந்தாலும் அவளுக்கு அது வெறும் பிடிவாதமாகவே பட்டது.

“லாரி வாங்கின அன்னைக்கே பழசாக ஆரம்பிச்சிடும்மா,” என்பார் அப்பா. “இவன் வருஷா வருஷம் புதுசாயிட்டு வரான்.”

ஒருவழியாகப் பெட்டி கிளம்பியது. படிவளைவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. முன்னால் பிடித்தவர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. வளைவில் ஒருவர் நின்று குரல் கொடுத்தாக வேண்டும். எல்லா வேலையும் கற்றவர்கள்தான். ஆனால் அந்த இடத்தில் எப்போதும் அப்பாதான் நிற்பார், அவர் இருக்கும்போது வேறு யாரும் வாய் திறந்ததில்லை. இப்போதும் திறக்கவில்லை. பெட்டியின் கனம் கைகளை இழுத்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் சுவரோரமாக ஒடுங்கி வளைவில் போய் நின்றாள்.

“பின்னாடி தூக்குங்க. முன்னாடி வலது பக்கம் தாழ்த்துங்க. ம்... மெதுவா.”

பெட்டி அசைந்தது. கீழ்ப்படியில் மேலாளர் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்க ஆளுங்க இறங்கறாங்க.”

அவர் வாசல்வரை பின்வாங்கினார். சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் பெட்டி திரும்பியது.