நாகலெட்சுமியின் ஏச்சு

1

மரணத்தை வென்ற ஒரே கலை நிழற்படக் கலை. சொன்னது நானல்ல, இலங்கை மலையகத்து லிந்துலை பஸாரில் கணேசமூர்த்தி தன் ஸ்டூடியோ பலகையில் எழுதி வைத்திருந்தது. அதன் கீழே: ‘அடையாள அட்டைப் படம் பத்து நிமிடத்தில்’. அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்ததில்தான் இக்கதை பிறந்தது.

பனி போர்த்திய மலைகளின் மடியில்…

வேண்டாம். அன்று நல்ல வெயில். வருடம் 2006.

2

பிரேமினி குவைத்திலிருந்து வந்திருந்தாள். அங்கே அவள் வேலைக்கு நின்ற வீட்டுக்கார அம்மா பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சுணங்கியதில், தாய் நாகலெட்சுமியின் அடக்கம் இவள் வருமுன்னே முடிந்துவிட்டது. கருமாதியன்று தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள் முன்னால் அம்மாவின் படங்களைக் குரலோடு ஓட்ட வேண்டும் என்று கணேசமூர்த்தியிடம் கேட்டாள்.

“மொகத்ததான் பாக்க முடியல. பேச்சயாவது கேக்கணும்ணே.”

படம் மூன்றுதான். (ஒன்றில் அம்மா பாதி, மீதியைக் கல்யாண மாப்பிள்ளை மறைத்துவிட்டார்.) குரலுக்கு ஒரு கேசட், குவைத்துக்குப் பேசி அனுப்பியது.*

* எழுத வராதவர்கள் அப்படித்தான் அனுப்புவார்கள். ஆனாலும் கடிதம் கடிதம்தானே? “அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது” என்று நாகலெட்சுமி வாயாலேயே எழுதினாள்.

3

கணேசமூர்த்தி கலைஞன். இதை அவனே சொல்வான். படங்களுக்கு நடுவே ரோஜாக்களையும், கணினியோடு வந்த சுவிஸ் மலையையும் சேர்த்தான். ஜன்னலைத் திறந்தால் வேறொரு மலை சும்மா நின்றது. பிறகு குரலைச் ‘சுத்தம்’ செய்தான். போட்டுக் காட்டினான்.

“அண்ணே, இது யாரு?”

“ஒங்கம்மாதான் தங்கச்சி. எவ்வளவு கிளியரா இருக்கு பாருங்க!”

“காலையில பெரட்டுல வேலை பிரிச்சுக் குடுக்குற தொரை பேசுறாப்புல இருக்கு. காளியாயி அத்தைய ஏசுற எடம் எங்க?”

“அத இரைச்சல்னு வெட்டிட்டேன். நடுவுல இருமல், சேவலு…”

“அதுதாண்ணே எங்கம்மா.”

கணேசமூர்த்தி வெட்டியதை மீட்கும் பொத்தானை அமுக்கினான். இருமல் வந்தது. இன்னொரு அமுக்கில் சேவல். இன்னொன்றில், “அடியே காளியாயி! பீலியில என் கொடத்தத் தள்ளிட்டா தண்ணி புடிக்கிற? ஒன் கை வெளங்குமா?”

பிரேமினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வேறொன்றாக மாறியது.

(கணேசமூர்த்தியின் கண் கலங்கியது என்று எழுதி, அடித்துவிட்டேன். அவனுக்குச் சளி, தடிமன்.)

“காளியாயிக்கா முன்னுக்கு ஒக்காந்திருப்பாங்களே, தங்கச்சி?”

அதுதான் சிக்கல். மகள் இல்லாத குறைக்கு நாகலெட்சுமியைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டவள் காளியாயி.

பிரேமினி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“இருக்கட்டும்ணே. அத வெட்டிட்டா அம்மாவே இல்ல.”

4

கருமாதியன்று தோட்டத்து மண்டபத்துத் தொலைக்காட்சியில் படம் ஓடியது. ரோஜா, சுவிஸ், அம்மா. ஏச்சு வந்ததும் கூட்டம் மொத்தமும் காளியாயியைத் திரும்பிப் பார்த்தது. காளியாயி எழுந்தாள்.

முடிவு அ: வெளியேறினாள்.

முடிவு ஆ: விம்மி அழுதபடி திரையைத் தொட்டுக் கும்பிட்டாள். (சினிமா. வேண்டாம்.)

முடிவு இ: “நீதாண்டி மொதல்ல என் கொடத்தத் தள்ளுன!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். பிரேமினி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு இ பிடிக்கும். பிடிப்பதாலேயே அதை நம்பமாட்டேன். காளியாயியை நின்றபடியே விட்டுச் செல்கிறேன். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த முடிவானாலும் ஒன்று மாறாது. கணேசமூர்த்தி படத்தைக் கோத்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கவில்லை. நாகலெட்சுமியின் நெற்றிக்குக் குறுக்கே ‘ட்ரயல் வெர்ஷன்’ என்று ஆங்கிலத்தில் கடைசிவரை எழுதியிருந்தது.